உயிரோடு முடிகிற படம்

என் அக்கா வீட்டுக்காரர் தேவநாதன் மாமா இதுவரை எத்தனை தடவை செத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. கத்திக்குத்து, விஷம், லாரி, மாரடைப்பு, வெள்ளம், ஒரு தடவை யானை. யானை மிதித்த படம் வெளியே வரவே இல்லை. அதில் அவருக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு. "எல்லாத்துலயும் பெஸ்ட்டு அந்தச் சாவுதான் மச்சான்" என்பார். நான் சிரித்துவிடுவேன். அவர் சிரிக்க மாட்டார். மற்ற விஷயங்களில் பூ மாதிரி மனுஷன், தொழில் என்று வந்துவிட்டால் கறார்.

சொந்த ஊர் திருவந்திபுரம். அந்த ஊர்ப் பெருமாள் பெயரே தேவநாதன்தான், அதனால் அந்தப் பக்கம் 'தேவநாதா' என்று தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஆனால் வேலை என்று அவர் சொல்லிக்கொண்டது அதை இல்லை. சனி ஞாயிறானால் பஸ் ஏறிக் கடலூருக்குப் போய்விடுவார். அங்கே ஒரு நாடகக் குழுவில் அவர் நடிகர். குரல் கொஞ்சம் மெலிசு என்பதால் வசனம் அதிகம் கொடுக்க மாட்டார்கள். வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகிற வேஷம்தான் கிடைக்கும்.

ஒரு நாடகத்தில் கணக்குப்பிள்ளை வேஷம் வந்தது. "இந்தப் பாவத்துக்கு நான் துணை போக மாட்டேன் ஐயா" என்று ஒரே ஒரு வசனம். உடனே பண்ணையார் கத்தியால் குத்துவார், இவர் விழ வேண்டும். ஒத்திகையில் ஒழுங்காகத்தான் விழுந்தாராம். மேடையில் விழவில்லை. தூணைப் பிடித்தார். வசனம் இல்லையே, அதனால் கண்ணாலேயே பண்ணையாரைக் கேள்வி கேட்டார். சரிந்தார், எழுந்தார், பண்ணையாரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சரிந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடியிருந்த சனம் விசில் அடித்தது. "செத்துத் தொலையேன்யா" என்று பண்ணையார் பல்லைக் கடித்தது முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

என் பக்கத்தில் சந்திரலேகா அக்கா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புதுப்பெண்டாட்டி அசந்து போக வேண்டும் என்று மாமா அவளிடம் கதையைச் சொல்லவே இல்லை. அவள் அசந்துதான் போனாள். செருப்பை விட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். "யாராச்சும் ஆட்டோ கூப்பிடுங்களேன்" என்று கத்தினாள். சனம் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டியது. அவள் மாமாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறாள். மாமா கண்ணைத் திறக்கவில்லை. திரை விழுகிற வரைக்கும் பிணமாகவே கிடந்தார்.

அதைத்தான் அக்காவால் மன்னிக்க முடியவில்லை. "நான் அழுதுனு இருக்கேன். ஒரு கண்ணத் தெறந்து, 'ஒண்ணுமில்ல லேகா'ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சீன் போயிடும் லேகா."

"போகட்டுமே."

"எப்பிடிப் போகட்டும்னு வுடறது?"

அன்றோடு அவர் நடிப்பதைப் பார்ப்பதை அவள் நிறுத்திக்கொண்டாள். மேடையும் பார்க்கவில்லை, பிறகு வந்த சினிமாவும் பார்க்கவில்லை.

சினிமா வந்தது பிச்சாவரத்தில். அங்கே படப்பிடிப்பு நடத்தியவர்களுக்குத் தண்ணீரில் மிதக்க ஒரு பிணம் தேவைப்பட்டது. சென்னையிலிருந்து வந்தவர் தண்ணீரைப் பார்த்ததும் ஜுரம் என்று படுத்துவிட்டார். நாடகக் குழுவில் யாரோ மாமா பெயரைச் சொன்னார்கள். கெடிலம் ஆற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு. மூச்சை அடக்கிக்கொண்டு மல்லாக்க மிதந்தார். ஈ வந்து இமை மேல் உட்கார்ந்தது, அசையவில்லை. டைரக்டரே பயந்துபோய் "சார், சார்" என்று கூப்பிட்டாராம். அதற்குப் பிறகு கடலூர், சிதம்பரம், புதுச்சேரி எங்கே படப்பிடிப்பு என்றாலும் மாமாவுக்குப் போன் வந்துவிடும். ஒரு சினிமா கம்பெனி மேனேஜர் போனில் அவர் நம்பர் 'பாடி தேவநாதன்' என்று பதிவாகியிருப்பதை நானே பார்த்தேன். மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் பெருமைதான்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவதாக நடித்தவர், ஷாட் முடிந்ததும், கேமராவை நகர்த்துவதற்கு முன்னால் எழுந்து அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு நடிப்போடு போகும், ஆளைத் தொடராது என்று நம்பிக்கை. பூசணிக்காய் உடைத்தாலும் உடைப்பார்கள், உடைக்காமலும் விடுவார்கள். சிரிப்பை மட்டும் விட மாட்டார்கள். இந்த விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்ற பெண்டாட்டிகள் போன் போட்டால் சாப்பிட்டீங்களா என்று கேட்பார்கள். இவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சுட்டேன்."

"வாய் வுட்டா?"

"வாய் வுட்டுதான் லேகா."

அதற்கப்புறம்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இப்படியே காலம் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரு பேனர். சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் நான் பேனர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடித்துத் தருவோம். ஒரு டிவி சீரியலுக்குத் துக்க வீடு எடுக்க வந்தார்கள். செத்தவர் மாமா. அஞ்சலி பேனருக்கு என்னிடமே ஆர்டர். மாமாவின் நல்ல போட்டோவாகப் பார்த்து, பின்னால் மேகம், பக்கத்தில் புறா எல்லாம் வைத்து அடித்துக் கொடுத்தேன். பெயர் மட்டும் கதையில் வரும் பெயர். அக்கா வீட்டுக்கு அடுத்த தெரு முனையில் கட்டிப் படம் எடுத்தார்கள். முடிந்ததும் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். பேனரை அவிழ்க்க மறந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் மாமா லுங்கியோடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கூட வேலை பார்த்த தங்கராசு, ரோஜா மாலையும் கையுமாகத் தெருவில் அழுதுகொண்டே வருகிறார். பின்னால் இன்னும் இரண்டு மாலை. மாமாவைப் பார்த்ததும் தங்கராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு, "பேனர்ல பேரப் படிக்கலியா தங்கராசு?" என்று கேட்டார்.

"மூஞ்சியப் பாத்தாச்சு. அப்புறம் பேர எவன் படிக்கிறான்?"

பேனர் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நூற்றுக்கு நூறு உண்மை.

சத்தம் கேட்டு வெளியே வந்த அக்கா மாலைகளைப் பார்த்தாள். தங்கராசுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பிறகு மாமாவிடம் வந்து நிதானமாகச் சொன்னாள். "இனிமே சாவற வேஷம் வேணாம். நான் சண்டக்கி வரல, கெஞ்சிக் கேக்கறேன். உசுரோட முடியிற படம் ஒண்ணு நடிங்க. மொத ஆளா வந்து உக்காந்து பாக்கறேன்."

மாமா சரி என்று தலையாட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். போன் வரும், "வேணாம் தம்பி, சாவறதில்லன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்" என்பார். எதிர்முனையில் இருப்பவன் குழம்பிப் போய் வைத்துவிடுவான். உயிரோடு இருக்கிற வேஷத்துக்கு ஒருத்தனும் கூப்பிடவில்லை. பாடி தேவநாதனை யார் அப்பாவாகவும் சித்தப்பாவாகவும் நினைப்பார்கள்? போன் வருவதும் நின்றது. மாமா என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, அடித்து வைத்த பேனர்களில் இருக்கிற மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சொன்னார். "எத்தினியோ பேர் பாத்துட்டாங்க மச்சான். உங்க அக்கா பாக்கல. அவ பாக்காம நான் நடிகன்னு சொல்லிக்கிட்டு என்னா பிரயோசனம்? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு படம். அவ பாக்கணும்."

நான் ஏதோ கேலி பேசிச் சமாளித்தேன்.

டேவிட் ராஜ் வந்தது அதற்குப் பிறகுதான். தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளை, சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு முதல் படம் எடுக்க வந்தவன். அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜ், அதன் மேனேஜர், அவர் பெண்டாட்டி, வந்து போகிற பிள்ளைகள். இதுதான் கதை. போஸ்டர் அளவு கேட்க என் கடைக்கு வந்தவன், உட்கார்ந்திருந்த மாமாவை அடையாளம் கண்டுகொண்டான். "சார், நீங்க மேனேஜரா நடிக்கிறீங்களா?" என்றான்.

மாமாவை முந்திக்கொண்டு நான்தான் கேட்டேன். "தம்பி, அந்த மேனேஜர் கடைசி வரைக்கும் உசுரோட இருப்பாரா?"

"இருப்பாருண்ணே. கடைசி சீன்ல டீ போடறாரு."

"நடுவுல கோமா, கீமா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல சார். ஒரு சளி கூடப் புடிக்காது."

அன்றைக்கு அக்கா வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு.

படப்பிடிப்பின் முதல் நாள் நானும் கூடப் போனேன். பழைய லாட்ஜ் ஒன்றின் முன்கூடம். பெண்டாட்டி வேஷத்தில் புதுச்சேரி மேடை நடிகை தமிழ்ச்செல்வி. காட்சி ரொம்பச் சுலபம். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். வெளியே பார்க்கிறார். "வானம் மூடிக்கிச்சு. மாடியில துணி கெடக்குது, எடுத்துடு" என்கிறார். அவ்வளவுதான். ஒரு மேனேஜர் தினமும் சொல்கிற பேச்சு.

டேவிட் ராஜ் "ஆக்‌ஷன்" என்றான். மாமா மூச்சை நிறுத்தினார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை வருஷப் பழக்கம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நெஞ்சு தானாக அடங்கிவிட்டது. கண் ஒரே இடத்தில் நிலைத்தது. டீ டம்ளர் பிடித்த கை விறைத்தது. "வானம்... மூடி..." என்றார். உயில் சொல்லிவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது. "துணி..." என்றார், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்கினார்.

கட் சொன்னதும் மாமா நன்றாக இருந்தார். சிரித்தார், மன்னிப்புக் கேட்டார், தமிழ்ச்செல்வியிடம் அவள் ஊர் விசாரித்தார். மறுபடி ஆக்‌ஷன். மறுபடி பிணம். "மூச்சு வுடுங்க சார்" என்று டேவிட் ராஜ் கெஞ்சினான். மாமா மூச்சு விட்டால் வசனம் வரவில்லை, வசனம் வந்தால் மூச்சு இல்லை. வெளிச்சம் போகிற வரைக்கும் இதே பாடு. கிளம்பும்போது டேவிட் ராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குக் காலையில ஒருதரம் பாத்துடறேன். வரலன்னா வேற ஆளப் பாக்கணும். எனக்கும் மொதப் படம்." அவனைக் குறை சொல்ல முடியாது. எனக்கு மாமா மேல்தான் கோபம் வந்தது. ஒரு டீயைக் குடித்துவிட்டு நாலு வார்த்தை பேசத் தெரியாதா ஒரு மனுஷனுக்கு? வண்டியில் வரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

வீட்டில் நுழைந்ததும் அக்கா பழக்க தோஷத்தில் கேட்டாள். "சிரிச்சீங்களா?"

"செத்தாத்தான சிரிக்கணும்?" என்று மாமா சட்டையைக் கழற்றினார். சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டார். நடந்ததை நான் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டாள், அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா சாப்பிட்டார் என்று பிறகு தெரிந்தது.

காலையில் பார்த்தால் அக்கா புடவை மாற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் பாக்க வரல. அந்தப் பையன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

லாட்ஜில் இறங்கியதும் நேராக டேவிட் ராஜிடம் போனாள். "தம்பி, இவரு ஒவ்வொரு தரமும் செத்துட்டு, கேமராவப் பாத்துச் சிரிச்சாத்தான் திரும்பி வருவாரு. இத்தினி வருஷமா அப்பிடித்தான். நீங்க மொதல்லயே சிரிக்க வெச்சுடுங்க. ஆக்‌ஷனு, கீக்‌ஷனு எதுவும் சொல்லாதீங்க. சிரிச்சு முடிச்சதும் பேசச் சொல்லுங்க."

டேவிட் ராஜ் எதுவும் கேட்காமல் கேமராக்காரரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னான். அக்கா வெளியே போய், கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் திரும்பவே இல்லை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தார்கள். "சார், ஷாட் முடிஞ்சுது. சிரிச்சுடுங்க" என்றான் டேவிட் ராஜ். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உடம்புக்குப் புரிந்தது. கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. தோள் தளர்ந்தது. சிரிப்பு அடங்கி ஒரு பெருமூச்சு வந்தது. டீயை ஒரு வாய் குடித்தார். வாசல் பக்கம் பார்த்தார்.

"வானம் மூடிக்கிச்சு. மாடியில துணி கெடக்குது, எடுத்துடு."

படிக்கட்டிலிருந்து அக்கா திரும்பாமலே, "கெளம்பறப்பவே எடுத்துட்டேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். டேவிட் ராஜ் கட் சொல்லவில்லை. மாமா அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்து, "நல்லதாப் போச்சு" என்றார். மிச்ச டீயைக் குடித்தார். தமிழ்ச்செல்வி வசனமே பேசாமல் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் கட் என்ற குரல் வந்தது. ஹெட்போனைக் கழற்றியபோது ஒலிப்பதிவுக்காரர் இந்தத் தடவை குலுங்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் முதலில் சிரிப்பு, பிறகு நடிப்பு. படம் முடிகிற வரைக்கும் அந்தச் செட்டில் யாரும் ஆக்‌ஷன் என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை.

படம் வெளியானபோது கடலூரில் ஒரு தியேட்டரில் போட்டார்கள். போஸ்டர் நான்தான் அடித்தேன், மாமா மூஞ்சி பெரியதாக, மாலை இல்லாமல். அக்கா சொன்னபடி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். ஆனால் நிம்மதியாகப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். மேனேஜர் ரோட்டைக் கடந்தால் என் கையைப் பிடித்தாள். மாடிப்படி ஏறினால் பிடித்தாள். இருமினால் பிடித்தாள். இடைவேளையில், "இதோட போயிடலாமா? நல்லாத்தான இருக்காரு" என்றாள். மாமா அவளுக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். துணி சீனை டேவிட் ராஜ் இரண்டாம் பாதியில் வைத்திருந்தான். அக்காவின் குரல் எங்கிருந்தோ வந்ததும் தியேட்டரே சிரித்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "வெக்கம் கெட்ட பையன், சொல்லவே இல்ல பாரு" என்றாள். எனக்குத் தெரிந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் திட்டியதில்லை.

கடைசியில் மேனேஜர் டீ போட்டார், படம் முடிந்தது. விளக்கு போட்டதும் அக்கா மாமாவைப் பார்த்தாள். எல்லோரும் எழுந்து போகிறார்கள், இவள் எழவில்லை. "நீங்க இப்பிடித்தான் இருக்கீங்க, நம்ம வீட்டுல" என்றாள். மாமா தலையை ஆட்டினார். அழுதார் என்பதை மறைக்க வேண்டியதில்லை, நானும் அழுதேன்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். "ஒன் லேப்டாப்ப எடுத்துனு வா" என்றாள். போனேன். டிவியோடு அதை இணைக்கச் சொன்னாள். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாக்கப் போற லேகா?"

"நீங்க செத்தது எல்லாத்தயும்."

மாமா பேப்பரை மடித்தார். "வேணாம். ஒனக்கு ஒத்துக்காது."

"தியேட்டர்ல பயந்து பயந்து பாத்தனே, அப்புறந்தான் யோசிச்சேன். சாவறவரு பக்கத்துலயே உக்காந்துனு பாப்கார்ன் தின்னுனு இருக்காரு, எனக்கு என்னா பயம்?" என்றாள் அக்கா. "நீங்க செஞ்ச வேலயே அதுதான். அதப் பாக்காம ஒரு படத்தப் பாத்துட்டுப் பாத்தாச்சுன்னு சொன்னா எப்பிடி? வந்து இங்க உக்காருங்க. கையக் குடுங்க."

மாமா போய் உட்கார்ந்தார். அவர் கையை அக்கா தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். லாரி வந்தது. அக்கா கண்ணை மூடினாள், திறந்தாள், பக்கத்தில் திரும்பி மாமாவைப் பார்த்தாள், மறுபடி டிவியைப் பார்த்தாள். "அம்மாம் பெரிய லாரி வர்றது காது கேக்கலியா ஒங்களுக்கு?" என்றாள். விஷம் குடித்தபோது, "முந்தானாளு கசாயத்துக்கு இத வுட மூஞ்சிய ஜாஸ்தி சுளிச்சீங்க" என்றாள். மாமா டிவியைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சாவுக்கும் அது எப்படி மாறுகிறது என்று.

பிச்சாவரத்துக் காட்சி வந்தது. தண்ணீரில் மல்லாக்க ஒருத்தர் மிதக்கிறார். மரங்களுக்கு நடுவில் மெதுவாகத் திரும்புகிறார். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு இறுகின. மாமாவுக்கு வலித்திருக்கும், அவர் அசையவில்லை. அந்தக் காட்சி முடிகிற வரைக்கும் அப்படியே பார்த்தாள்.

"நல்லா செத்திருக்கீங்க" என்றாள்.

மாமா அப்போதுதான் டிவி பக்கம் திரும்பினார். அக்கா கையை விடாமலே என் பக்கம் திரும்பி, "அடுத்ததப் போடுடா" என்றாள்.